நடந்த கதையும் உண்மைக் கதையும்

சில வருடங்களுக்கு முன்னர் மாத்தளையில் ஒரு சிறுகதைத் தொகுதியின் அறிமுக நிகழ்வு. மண்டபம் என்று சொல்லுமளவுக்கு எதுவுமில்லை. ஒரு பாடசாலையின் மேல்மாடி வகுப்பறை. நாற்பது பேர் வரை வந்திருந்தனர், அதில் பாதிப்பேர் நூலாசிரியரின் உறவினர்கள். எமது நூல் வெளியீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நூலாசிரியர் இளைஞர், நல்ல எழுத்தோட்டம் உள்ளவர். தொகுதியின் கடைசிக் கதை, ஒரு சிறு நகரத்துப் பள்ளிவாசலைக் கும்பலொன்று சூழ்ந்துகொள்ளும் வெள்ளிக்கிழமையைப் பற்றியது. அன்று பேசிய அனைவரும் அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டனர். "அப்படியே யதார்த்தம்" என்றார் ஒருவர். "இது கதையல்ல, நடந்த சம்பவம்" என்றார் இன்னொருவர், அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்ற தொனியில்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "மகன், இந்தக் கதை உண்மையா?"

"நூற்றுக்கு நூறு யதார்த்தம் சேர். நான் கண்ணால கண்டதத்தான் எழுதியிருக்கன்."

"கண்டீங்களா எண்டு நான் கேக்கல்ல மகன். உண்மையா எண்டுதான் கேட்டன்."

சபை சிரித்தது. தலைவர் நேரமின்மையைக் காரணங்காட்டி நன்றியுரைக்கு அழைத்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது, வீட்டுக்கும் வந்தது. கண்டதை எழுதினால் அது உண்மையாகிவிடாதா? எமது விமர்சனம் கடந்த அரை நூற்றாண்டாக யதார்த்தம், உண்மை என்ற இரண்டு சொற்களையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துத்தான் புழங்கி வந்திருக்கிறது. அவை ஒன்றல்ல என்று ஓர் ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'உண்மை' என்பதன் பழைய பொருள் உள்ளதாயிருத்தல். அதன் எதிர்ச்சொல் பொய்யல்ல, 'இன்மை'. ஆக உண்மை ஆதியில் இருப்பைக் குறித்த சொல். சொல்லின் நேர்மைக்கு வேறொரு சொல் இருந்தது: வாய்மை. வள்ளுவர் அதிகாரத்துக்குச் சூட்டிய பெயரும் அதுதான். அங்கே அவர் தரும் இலக்கணத்தில், சொன்னது நடந்ததோடு ஒத்துப் போகிறதா என்பதைவிட அந்தச் சொல் எவருக்கும் தீங்கு செய்யாதிருக்கிறதா என்பதே முன்னுக்கு நிற்கிறது. மூன்றாவது சொல் 'மெய்'. அது உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். 'யதார்த்தம்' இம்மூன்றுக்கும் பிந்தி வந்து, வடமொழி உடையில் மேலைநாட்டு இலக்கியக் கோட்பாடொன்றைச் சுமந்துகொண்டு எம் விமர்சனத்துக்குள் நுழைந்த சொல்.

அரபியில் 'ஹக்' என்ற ஒரே சொல்லுக்குள் உண்மையும் இருக்கிறது, நிலைத்த இருப்பும் இருக்கிறது, ஒருவருக்குச் சேரவேண்டிய உரிமையும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் படிப்பறிவில்லாத பாட்டிமாரும் "அது அவள்ட ஹக்கு" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்றும் அதுவே. அந்தச் சொல்லைத் தன்மீது ஏற்றிச் சொன்னதற்காக 922இல் பக்தாத் நகரில் ஹல்லாஜ் கொல்லப்பட்டார். பேச்சின் உண்மைக்கு அரபியில் தனிச்சொல் உண்டு: ஸித்க். இருப்பின் உண்மை வேறு, சொல்பவனின் உண்மை வேறு என்று இரண்டு மொழிகளும் பிரித்து வைத்திருக்கையில், அவ்விரண்டையும் தாய்மொழியாகவும் மார்க்க மொழியாகவும் கொண்ட நாம் "கண்ணால் கண்டது" என்ற ஒரே சாட்டில் அவற்றை ஏன் கலந்துவிட்டோம்?

இந்த வினாவை மாத்தளையில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டு நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டுமான வேலைக்காக மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடர்ந்தது. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இதைவிடப் பெரிய யதார்த்தம் வேறென்ன வேண்டும்? தொட்டுப் பார்க்கலாம், எண்ணலாம், பெட்டியில் இடலாம். 'மெய்' என்ற சொல்லின் இரு பொருளும் ஒரே குழிக்குள் கிடந்தன.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். குழியை ஆராய்ந்த தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, அங்கு கிடைத்த பொருட்களை ஆதாரமாக வைத்து, புதைப்பு 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தது என்றார். அது ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சியும் அதை அரசு ஒடுக்கிய காலமும் ஆகும். தத்தம் பிள்ளைகளை அந்நாட்களில் இழந்த பெற்றோர் மாத்தளைக்கு வந்தனர். 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அங்கிருந்து வந்த காபன் காலக்கணிப்பு, எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்றது. அத்துறையில் 1950 ஓர் எல்லைக்கோடு. அதற்குப் பின் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் வளியிலுள்ள காபனின் சமநிலையையே மாற்றிவிட்டமையால், அக்கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்று சொல்வது அவ்வறிவியலுக்கு ஒப்பீட்டளவில் இலகுவான காரியம். ஒரே எலும்புகள், இரண்டு அறிவியல்கள், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு காலங்கள். பெற்றோர் கேட்ட கேள்விக்கு இரண்டில் எதுவும் விடையாகவில்லை. அவர்கள் கேட்டது எந்த வருடம் என்றல்ல, "இது என் பிள்ளையா?" என்று.

1989இல் இம்மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. குழி வெளிப்பட்ட காலத்தில் அவர் பாதுகாப்புச் செயலாளர், 2019இல் ஜனாதிபதி. கலேவெலையில் பிறந்த அநுர குமார திசாநாயக்க, அன்று ஒடுக்கப்பட்ட அதே கட்சியின் தலைவராக 2024இல் ஜனாதிபதியாகத் தெரிவானார். இந்த இரண்டு வாக்கியங்களும் பொதுப் பதிவிலுள்ள தகவல்கள். இவற்றை அருகருகே வைத்தவுடன் வாசகரின் மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டத் தொடங்கிவிடும். அந்தக் கதை உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தகவல்களை நான் அடுக்கிய வரிசைதான் அதைக் கட்டியது. யதார்த்தத்தின் துண்டுகளை எடுத்து வரிசைப்படுத்துகிற ஒவ்வோர் எழுத்தாளனின் கையிலும் இந்த அபாயம் இருக்கிறது.

அதே வருடம், அதே மாவட்டம். 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. தம்புள்ளை ஹைரியா ஜும்ஆப் பள்ளிவாசலைப் பிக்குகள் தலைமையிலான கூட்டம் தாக்கியது. அன்று அங்கு ஜும்ஆ நடைபெறவில்லை. பள்ளிவாசல் புனித பூமிக்குள் சட்டவிரோதமாகக் கட்டப்பட்டது என்றது ஒரு தரப்பு. அரை நூற்றாண்டாகத் தொழுகை நடக்கிறது, உறுதிப் பத்திரம் இருக்கிறது என்றது நிர்வாகம். ஓரிரு நாட்களில் பிரதமர் அலுவலகம் பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றப் பணித்தது. முஸ்லிம் அரசியல்வாதிகளின் இணக்கத்துடனேயே அம்முடிவு என்றும் சொல்லப்பட்டது; அவர்கள் மறுத்தனர். கட்டடம் ஒன்றுதான், அதைப் பற்றிய சொற்கள்தாம் இரண்டு. மாத்தளைக் குழியில் யதார்த்தம் வாய்திறக்க மறுத்தது. தம்புள்ளையிலோ எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தையே 'இல்லாதது' ஆக்கச் சொற்களால் முடிந்தது. உண்மைக்கு எதிர்ச்சொல் இன்மை என்று எம் முன்னோர் வைத்தது எத்தனை பொருத்தம்!

தம்புள்ளைக்குப் பின்னர் எமது சஞ்சிகைகளுக்கு வந்த கதைகளைப் படித்தவன் என்ற வகையில் சொல்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை கண்டதை எழுதின, அல்லது தொலைக்காட்சியில் கண்டதை எழுதின. கல் எறியப்பட்டது, கல் கதையில் வந்தது. கோஷம் எழுந்தது, கோஷமும் வந்தது. ஆத்திரம் நியாயமானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பத்துக் கதைகளைப் படித்த பின் ஒரே கதையைப் பத்து முறை படித்த உணர்வு. எல்லாவற்றிலும் பள்ளிவாசல் தலைவர் வெண்தாடியோடு இருப்பார், தவறே செய்யாதவர், சரியான இடத்தில் அழுவார். சிங்களவர் எனில் கும்பலில் ஒருவர் அல்லது கடைசிப் பந்தியில் வந்து மன்னிப்புக் கேட்கும் நல்லவர், இடையில் எவருமில்லை. பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று துஆ கேட்பார்கள். சம்பவம் நிகழ்ந்தது மெய், ஆனால் அதில் வருகிற மனிதர் ஒருவரும் மெய்யாக இல்லை.

அந்த ஆசிரியரை நிகழ்வு முடிந்து தேநீரின்போது பிடித்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தத் தலைவர் அண்டைக்குக் காலையில பொண்சாதியோட என்ன பேசினார் எண்டு கதையில இல்லையே. வியாபாரத்தில ஆருக்காவது கடன் குடுக்க இருந்திச்சா? பக்கத்துக் கடைக்காரனோட காணிச் சண்டை ஒண்டும் இல்லையா? அப்பிடி ஒரு மனிசன நான் மாத்தளையில கண்டதில்லை மகன்."

இதைக் கேட்டபோது எனக்கு ஹதீஸ் கலை ஞாபகம் வந்தது. ஓர் அறிவிப்பைச் சோதிக்கும் எமது அறிஞர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: அறிவித்தோரின் வரிசையான ஸனத், அறிவிக்கப்பட்ட வாசகமான மத்ன். அறிவிப்பாளர் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா, யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் ஸனதின் ஆய்வு. ஆனால் ஸனத் சரியாக இருந்தும் வாசகத்தில் குறையிருந்தால் அந்த அறிவிப்பை நிறுத்தி வைக்கும் துணிச்சலும் அவர்களிடம் இருந்தது. "நானே கண்டேன்" என்பது ஸனத். எம் விமர்சகர்கள் அதோடு திருப்தியடைந்து கதைக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகின்றனர். மத்னைப் பார்ப்பவர் எவருமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் புகாராவிலும் நைஸாபூரிலும் இருந்த விமர்சனக் கூர்மையில் ஒரு துளி எங்கள் காலாண்டிதழ்களில் இருந்திருந்தால் அரைவாசிக் கதைகள் அச்சேறியிரா. இதில் என்னுடைய இரண்டு கதைகளும் அடங்கும்.

மாத்தளை நகரை ஒட்டியுள்ள அலுவிஹாரையையும் இங்கு சொல்ல வேண்டும். நாம் பஸ்ஸில் கடந்து போகும் இடம்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை மனனமாகக் காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் அங்குதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் மனனம் செய்தோரைக் கொண்டு போய்விடும் என்ற அச்சமே காரணம். யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்டோர் பலர் ஷஹீதான பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் பின் ஸாபித்திடம் தொகுக்கும் பொறுப்பை ஒப்படைத்ததும் இதே அச்சத்தினால்தான். ஸைத், தாமே ஹாபிழாக இருந்தும், எழுத்தையும் சாட்சியையும் கேட்டார். தாம் அறிந்ததைக் கூடத் தம் அறிவை மட்டும் நம்பி எழுத அவர் துணியவில்லை. அலுவிஹாரையின் ஏட்டுத் தொகுதி 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்தது. எழுதி வைத்தால் உண்மை காப்பாற்றப்பட்டுவிடும் என்பதும் முழுமையான நம்பிக்கையல்ல போலும்.

ஆக்க இலக்கியத்துக்குத் திரும்புவோம். ஈழத்தின் முதல் தமிழ் நாவலான 'அஸன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை. எகிப்திலும் இந்தியாவிலும் சுற்றும் கதை. இலங்கை முஸ்லிமின் வாழ்வு அதில் இல்லை என்று முற்போக்கு விமர்சனம் குறைப்பட்டுக்கொண்டது. குறை சரிதான். ஆனால் அதே மனிதர் அதற்கு மூன்று வருடங்கள் முன்னதாக, 1882இல், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிச் சமூகத்தின் கல்வி நிலையை இரக்கமில்லாமல் எழுதியவர். நடப்பைப் பத்திரிகையில் எழுதினார், ஏக்கத்தை நாவலில் எழுதினார். ஒரு சமூகம் தான் எப்படி ஆக விரும்பியது என்பதும் அச்சமூகத்தைப் பற்றிய உண்மையே. அதைக் கண்டியின் தெருவில் தேடினால் கிடைக்காது.

மு. தளையசிங்கத்துக்கு இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தெரிந்தது. முற்போக்கு யதார்த்தவாதம் மனிதனின் பாதியை மட்டுமே காண்கிறது என்று வாதிட்ட அவர், கற்பனைக் கதை என்ற வடிவமே போதாது எனத் துணிந்து 'மெய்யுள்' என்ற புதிய வடிவத்தைப் பேசினார். அப்பெயரில் நூல் 1974இல், அவர் மறைந்து ஒரு வருடத்தின் பின் வந்தது. அவருடைய ஆன்மிகப் பரிபாஷையோடு எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்களின் நீருரிமைக்காக இறங்கிப் பொலிஸாரிடம் அடிவாங்கிய எழுத்தாளர் அவர். உண்மையைப் பற்றி எழுதியவர் அதற்கு ஒரு விலையும் கொடுத்தார் என்பதை மறந்துவிட்டு அவரைச் சாடுவது இலகு.

எமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் தோப்பில் முஹம்மது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வடக்குவீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி கொடுமைக்காரர். ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்ப்பவர். தேங்காய்ப்பட்டணத்தின் யதார்த்தத்தை மட்டும் எழுதியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நாம் புத்தகத்தை மூடியிருப்போம். மீரானோ அவரது வீழ்ச்சியின் துயரத்தையும் எம்மீது ஏற்றிவிடுகிறார். வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நிற்கிறோம். 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தபோது "எங்கள் வீட்டுப் பெண்கள் இப்படியில்லை" என்று முணுமுணுத்தவர்களை நான் இங்கேயும் கண்டேன். அவர்கள் யதார்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுவும் தாம் காண விரும்பிய யதார்த்தத்தை.

குர்ஆனின் நான்காவது அத்தியாயத்தில் ஓர் ஆயத், சாட்சியம் சொல்பவர் தமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியின் பக்கம் நிற்க வேண்டும் என்கிறது. எம் இலக்கியத்துக்கு இதைவிடக் கடினமான அளவுகோல் இல்லை. எமக்கு இழைக்கப்பட்டதை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். நாம் இழைத்தவை எங்கே? மாத்தளையிலும் உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் எம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்ய வந்த தோட்டத்துப் பிள்ளைகள் எம் கதைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறைந்து போகிறார்கள். தலைமன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களின் சந்ததி அவர்கள். அந்தப் பாதையை 2023இல் 'மலையகம் 200' நடைபவனி திரும்ப நடந்து மாத்தளையில் முடித்தது. அதைப் பார்க்கப் போன எம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் தம் வீட்டுச் சமையலறையையும் அதோடு சேர்த்துப் பார்த்திருப்பார்கள்? இன்னொன்றும் உண்டு. மெய்ப்பொருள் எது, படைப்புக்கும் படைத்தவனுக்கும் உள்ள உறவு எது என்ற தர்க்கத்தின் பெயரால் காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் முஸ்லிம்களே முஸ்லிம்களைத் தாக்கினார்கள். அடக்கம் செய்யப்பட்ட ஒருவரின் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. ஹக் என்ற சொல்லை வைத்து நடந்த இந்தக் காரியத்தைப் பற்றி நான் படித்த சிறுகதைகளை எண்ண ஒரு கையின் விரல்கள் அதிகம்.

இதற்குப் பதிலாக "எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். தம்புள்ளைக்கும் 2018 திகனவுக்கும் 2019க்குப் பிந்திய நாட்களுக்கும் பின்னர் அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு மருத்துவர்மீது ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையின் முதற்பக்கத்திலேயே எழுதிய நாடு இது. பொய் எவ்வளவு விரைவாக யதார்த்தமாகி ஒருவரைச் சிறையில் போடும் என்பதை அண்டைக் குருநாகலில் கண்டோம். ஆனால் அந்தப் பொய் எதனால் ஆனது? குறையே இல்லாத 'நாம்', குறையே உருவான 'அவர்கள்'. எம் கதைகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டால், பக்கம் மட்டும்தான் மாறியிருக்கும்.

சென்ற வருடம் அந்த இளம் எழுத்தாளர் தன் கதையைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். கும்பலும் கல்லும் அப்படியே இருந்தன. ஆனால் இப்போது கதை அன்று காலை சுபஹுக்குப் பின் தொடங்குகிறது. தலைவர் வீட்டில் மனைவியோடு சீனி வாங்கிய கடனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார். கடன் பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது, மூன்று மாதமாக இழுபடுகிறது. பிற்பகலில் அதே முதலாளி கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கிறார். அவர் கல்லை எடுக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. தலைவர் அவரைப் பார்க்கிறார், அவரும் பார்க்கிறார். கடனைப் பற்றி இருவருக்கும் ஞாபகம் வருகிறது. இந்த முதலாளியும் கடனும் நிச்சயமாக நடந்தவையல்ல, இட்டுக்கட்டியவை என்று அவரே கடிதத்தில் குறிப்பிட்டு, "இப்ப இது யதார்த்தமில்லைத்தானே?" என்று கேட்டிருந்தார். பிரதியை அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.